மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டு பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்தொன்றில் முதுகெலும்பில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த என் தம்பி டென்னிஸ் விளையாடத் தொடங்கியதிலிருந்து, தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் கோயில் வாசலில் கேட்கிறார்கள், கிளினிக் வரிசையில் கேட்கிறார்கள், இரவு படுக்கப் போகும் நேரத்தில் வட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் வருகிறது. அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து, சத்திரசிகிச்சை பற்றிய முடிவெல்லாம் உங்கள் வைத்தியருடையது.

"நடக்கவே கஷ்டப்படுற பிள்ளைக்கு விளையாட்டா? இருக்கிறதும் கெட்டுப் போயிடாதா அக்கா?"

கெட்டுப் போவது பெரும்பாலும் சும்மா இருப்பதால்தான். நாள் முழுக்கக் கட்டிலிலும் கதிரையிலும் இருக்கிற உடம்பில் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, எடை ஏறுகிறது, படுக்கைப் புண் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டலில் மாற்றுத்திறனாளிகளையும் தனியாகச் சேர்த்திருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். மற்றவர்களுக்குச் சொன்ன அதே அளவுதான். முடிந்ததைச் செய்யுங்கள், கொஞ்சமும் செய்யாததைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் அதில் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளின் உலகப் போட்டியான பராலிம்பிக் தொடங்கியதே வைத்தியசாலையில்தான். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மான் என்ற நரம்பியல் வைத்தியர் 1944ல் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முதுகெலும்புக் காயப் பிரிவைப் பொறுப்பெடுத்தார். அந்தக் காலத்தில் முதுகெலும்பு முறிந்த ஒருவர் படுக்கைப் புண்ணாலோ சிறுநீர்த் தொற்றாலோ சீக்கிரம் இறந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குட்மான் அவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி விளையாட விட்டார், அதையும் சிகிச்சை என்றே சொன்னார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், வைத்தியசாலைப் புல்வெளியில் காயமடைந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். 1960ல் ரோமில் நடந்த முதல் பராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

"காது கேக்காதவங்களும் பராலிம்பிக்லதானே விளையாடுறாங்க?"

இல்லை. செவிப்புலனற்றோருக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்று தனியே இருக்கிறது. அது 1924ல் பாரிஸில் தொடங்கியது, பராலிம்பிக்கைவிட மூத்தது. நன்றாகக் கேட்கிற காதிலும் 55 டெசிபெலுக்குக் கீழே கேட்காது என்றால்தான் அதில் சேரலாம். போட்டியின்போது காதுக் கருவி போடக்கூடாது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதிலாக விளக்கு எரியும்.

அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இருக்கிறது. 1968ல் அமெரிக்காவில் தொடங்கியது, இலங்கையிலும் இயங்குகிறது. அங்கே ஒருவரை அவரவர் திறமைக்குக் கிட்டத்தட்டச் சமமானவர்களோடு சேர்த்துத்தான் போட்டியிட விடுவார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இதுதான். பராலிம்பிக்கிலும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குச் சில போட்டிகள் உண்டு, ஆனால் அதற்கு நியமத் தூரமும் நேரமும் எட்ட வேண்டும்.

"எந்தக் குறைபாட்டுக்கு எந்த விளையாட்டு சரி வரும்?"

குறைபாட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதும் பாதி. ஆனாலும் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே தெரிவு செய்யலாம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பிளாஸ்டிக் பந்துக்குள் சிறு உலோகக் குண்டுகள் கிலுகிலுக்கும். கையைத் தாழ்த்தி வீச வேண்டும், பந்து ஆடுகளத்தின் நடுக்கோட்டுக்கு முன்னரே தரையில் பட வேண்டும். 11 பேரில் குறைந்தது 4 பேர் முழுமையாகப் பார்வை இல்லாதவர்களாக இருக்க வேண்டும், அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரண்டு மடங்காகக் கணக்கில் வரும். இலங்கை அணி உலகக் கிண்ணங்களில் ஆடுகிறது. கோல்பால் இன்னொன்று, எதிரணியின் கோலுக்குள் பந்தை உருட்டி விடுவது. அணிக்கு 3 பேர், எல்லோருக்கும் கண் கட்டு, மணி வைத்த 1.25 கிலோ பந்து. பார்க்கிறவர்கள் சத்தம் போடக்கூடாது. நம் ஆட்களுக்கு அதுதான் பெரிய சோதனை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு டென்னிஸ், கூடைப்பந்து, குண்டு எறிதல், ஈட்டி, வேக ஓட்டம், மேசைப்பந்து எல்லாம் உண்டு. டென்னிஸில் பந்து இரண்டு தடவை தரையில் படலாம், மற்ற விதியெல்லாம் ஏறக்குறைய அதேதான். கூடைப்பந்தில் வளையத்தின் உயரத்தை ஓர் அங்குலம்கூடக் குறைப்பதில்லை. கால் இழந்தவர்களுக்கு அமர்ந்து ஆடும் கரப்பந்தாட்டம் நல்ல தொடக்கம். தரையில் இருந்தபடியே ஆடுவதால் செயற்கைக் காலும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம், வலையும் ஒரு மீற்றருக்குச் சற்று மேலேதான். இலங்கையில் இதற்கு ஓரளவு ஆட்களும் இருக்கிறார்கள்.

கையும் காலும் சரியாக அசையாத, பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் "எங்கட பிள்ளைக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்காகவே உள்ளது பொச்சியா. தோல் பந்துகளை உருட்டி, வெள்ளைப் பந்துக்கு யார் அதிகம் கிட்டக் கொண்டுபோகிறார் என்று பார்ப்பது. கையால் உருட்ட முடியாதவர்கள் சரிவுப் பலகை வைத்து, தலையில் பொருத்திய கோலால் தட்டிவிடலாம். உதவிக்கு நிற்பவர் ஆடுகளத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும், எப்படி அடிப்பது என்று சொல்லக்கூடாது. அந்த முடிவு முழுக்கப் பிள்ளையுடையது. சாப்பாட்டிலிருந்து சட்டை வரை எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானிக்கிற ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

"எங்கட நாட்டில யாராவது இதால முன்னுக்கு வந்திருக்கிறாங்களா?"

வந்திருக்கிறார்கள். இலங்கை 1996 அட்லாண்டாவில்தான் முதன்முதல் பராலிம்பிக்கில் கலந்துகொண்டது. 2012 லண்டனில் 400 மீற்றர் ஓட்டத்தில் பிரதீப் சஞ்சய வெண்கலம் எடுத்தார், அதுதான் நமது முதல் பதக்கம். 2016 ரியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிதலில் வெண்கலம். அதே மனிதர் டோக்கியோவில், 2021 ஆகஸ்ட் 30 அன்று, 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். ஒலிம்பிக்கையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு முன்பு இலங்கைக்கு ஒரு தங்கமும் கிடைத்திருக்கவில்லை. டோக்கியோவிலேயே ஈட்டி எறிதலின் இன்னொரு பிரிவில் துலான் கொடித்துவக்கு வெண்கலம், 2024 பாரிஸில் வெள்ளி.

"அவங்க எல்லாம் ஆமிக்காரர். எங்கட பிள்ளைகளுக்கு என்ன இருக்கு?"

இதைக் கேட்கும்போது குரல் தாழும். நியாயமான கேள்விதான். அந்த மூவருமே இராணுவத்தவர்கள். காயப்பட்ட சிப்பாய்க்குச் சம்பளம் தொடர்ந்து வருகிறது, புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, பயிற்றுநர் இருக்கிறார், பயிற்சிக்குப் போக வாகனம் வருகிறது, இராணுவத்துக்குள்ளேயே மாற்றுத்திறனாளிகளுக்கென்று போட்டிகளும் நடக்கின்றன. அதே யுத்தத்தில் கால் இழந்த முல்லைத்தீவுப் பெடியனுக்கும், ரயில் விபத்தில் கை இழந்த மட்டக்குளியப் பெடியனுக்கும் இதில் ஒன்றுகூட இல்லை. பதக்கப் பட்டியலில் தெரிகிற வித்தியாசத்துக்குத் திறமை காரணமில்லை, மாதம் முடிய வருகிற சம்பளம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த ஏற்பாடு இல்லாமலும் வந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சேலம் பக்கத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் மோதி வலக் கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியவர், தாய் காய்கறி விற்று வளர்த்தார். பாடசாலை உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கண்ணில் பட்டதால் உயரம் பாயத் தொடங்கினார். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். எனவே பிள்ளை பாடசாலைக்குப் போகிறதென்றால், விளையாட்டுப் பாட நேரத்தில் அதை வகுப்பறையில் புத்தகப் பைகளுக்குக் காவல் வைக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல காசு வேண்டாம்.

"சரி, கொழும்பில எங்க போய்ச் சேருறது?"

உங்கள் பிரதேச செயலகத்தில் இரண்டு பேரைப் பாருங்கள்: சமூக சேவை உத்தியோகத்தர், விளையாட்டு உத்தியோகத்தர். முதலாமவரிடம் பிள்ளையின் பெயர் பதிவாகி இருக்க வேண்டும். இரண்டாமவருக்கு மாவட்டப் போட்டிகளின் திகதி தெரியும். அப்புறம் தேசிய பராலிம்பிக் குழு. பார்வை, செவிப்புலன் குறைபாடு என்றால் இரத்மலானையில் 1912ல் தொடங்கிய பாடசாலை இருக்கிறது, அதன் பழைய மாணவர்களுக்கு எங்கே யார் விளையாடுகிறார்கள் என்பது அத்துப்படி. முதுகெலும்புக் காயம் என்றால் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையின் பிசியோ பகுதியில் விசாரியுங்கள்.

இவ்வளவு அலுவலகம் சொன்னாலும், வேலை நடப்பது ஆட்களால்தான். ஏற்கெனவே விளையாடுகிற ஒருவரைக் கண்டுபிடித்து அவரோடு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அன்றே சேர வேண்டியதில்லை. பயிற்சி அநேகமாகச் சிங்களத்தில் நடக்கும். கொழும்புப் பிள்ளைகளுக்கு அது சிக்கல் இல்லை, வடக்கிலிருந்து அண்மையில் வந்தவர் என்றால் முதல் சில வாரம் மொழி தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது.

"செயற்கைக் காலோட ஓடலாமா? அந்த வளைஞ்ச பிளேட் வாங்கணுமா?"

தொடக்கத்துக்கு வேண்டாம். அந்த வளைந்த கார்பன் கால் ஓடுவதற்கு மட்டும் செய்தது. குதிகால் இல்லை, அதைப் போட்டுக்கொண்டு ஓரிடத்தில் அசையாமல் நிற்பதுகூடக் கஷ்டம், விலையும் ஒரு குடும்பம் தாங்கக்கூடியது இல்லை. முதலில் எறிதல், நீச்சல், அமர்ந்து ஆடும் கரப்பந்தாட்டம் என்று பாருங்கள். ஓட்டம்தான் என்று பிள்ளை பிடிவாதமாக இருந்து, நேரமும் நன்றாக வந்தால், அதன் பிறகு அனுசரணை தேடலாம்.

அன்றாடம் நடக்க ஜெய்ப்பூர் கால் போதும். 1968ல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவானது, வெறுங்காலோடு நடக்கவும் குந்தியிருக்கவும் சேற்றில் இறங்கவும் ஏற்றபடி செய்தது. கொழும்பில் நட்புறவுச் சங்கம் (Friend-in-Need Society) 1980களிலிருந்து இதைச் செய்து கொடுக்கிறது, யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் உண்டு. இலேசான விளையாட்டு அதோடு செய்யலாம். ஆனால் கொழும்பு வெயிலில் வெட்டிய இடம் வியர்த்து, உறை வழுக்கி, தோல் உரியும். மாற்று உறை ஒன்று பையில் இருக்கட்டும், இடைவேளையில் கழற்றித் துடைத்துப் பாருங்கள். சிவப்பு நிறம் கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போங்கள். நீரிழிவால் கால் எடுத்தவர்களில் பலருக்கு வலியே தெரியாது என்பதால் இது இரட்டிப்பு முக்கியம்.

"டொக்டரிட்ட என்ன கேக்கணும்? அவர் 'விளையாட்டு வேண்டாம்' எண்டுதான் சொல்லுவார்"

"விளையாடலாமா" என்று பொதுவாகக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். எந்த விளையாட்டு, வாரத்தில் எத்தனை நாள், எப்படிப்பட்ட அசைவு என்று சொல்லிக் கேளுங்கள். "எதைச் செய்யக்கூடாது?" என்று கேட்டால் இன்னும் தெளிவான பதில் கிடைக்கும்.

குறிப்பாக நான்கு விஷயம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்கும். கரணம் போடுதல், நீரில் தலைகீழாகப் பாய்தல் போன்றவற்றுக்கு முன் கழுத்தைப் பரிசோதிக்க வேண்டும். முதுகெலும்பில் மார்புப் பகுதியின் ஆறாம் எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, குழாய் மடங்கினாலோ, திடீரென இரத்த அழுத்தம் ஏறலாம். தலை இடிக்கும், முகம் சிவக்கும். உடனே நிமிர்த்தி இருத்தி, குழாயைப் பார்த்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்த வேண்டும். அப்படியும் குறையாவிட்டால் வைத்தியசாலை. இதைப் பயிற்றுநரும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, அதே ஆட்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூடு ஏறிவிடும். அதனால்தான் கொழும்பில் பத்து மணிக்கு முன் பயிற்சியை முடிப்பது. ஈரத் துணி, தண்ணீர் தெளிக்கும் போத்தல் இரண்டும் கொண்டுபோங்கள். நான்காவது, வலிப்பு உள்ளவர்களைத் தடாகத்தில் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது.

"பொம்பிளைப் பிள்ளை. அனுப்ப மனம் வருகுதில்லை"

பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்காலியிலிருந்து தூக்கி இருத்துவது யார், உடை மாற்றும் இடம் எங்கே, வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பொறுப்பாளர் வருவாரா, பயிற்றுநர் பிள்ளைக்கு இரவில் தனியாகத் தொலைபேசி எடுக்கக்கூடாது என்ற ஒழுங்கு இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டாம். தொட்டு உதவுவதற்கு முன் "தூக்கவா?" என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்பதும் ஒழுங்குதான்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாதது கழிப்பறை. சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று, மேலே சொன்ன சூடு, எல்லாம் சேர்ந்து வரும். மைதானத்தைப் பார்க்கப் போகும்போது ஓடுபாதையைப் பார்க்க முன்னர் கழிப்பறைக் கதவின் அகலத்தைப் பாருங்கள்.

பிள்ளைக்குக் காட்ட ஆள் வேண்டுமா? பாரிஸ் பராலிம்பிக்கில் பூப்பந்தாட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பதக்கம் எடுத்தார்கள். துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலம்.

"பஸ்ஸில ஏற ஏலாது, ஓட்டோவுக்கே காசு முடிஞ்சிடும். எப்பிடி?"

உண்மையில் விளையாட்டைவிட இதுதான் கடினம். நான் அறிந்து பயிற்சியைக் கைவிட்டவர்களில் அதிகம் பேர் உடம்பு முடியாமல் விட்டவர்கள் இல்லை, ஓட்டோ காசு முடியாமல் விட்டவர்கள்தான். பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் உள்ளே போய்வரக்கூடியதாக வசதி செய்ய வேண்டும் என்று 2006ல் வர்த்தமானி விதிகள் வந்தன. கட்டடம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பஸ்ஸின் படி மட்டும் அதே உயரத்தில் நிற்கிறது, நாற்காலியை மடித்து ஏற்றும்வரை நடத்துனருக்குப் பொறுமையும் கிடையாது.

செய்யக்கூடியவை சில. ஒரே பக்கத்திலிருந்து போகிற இருவர் மூவர் சேர்ந்து, தெரிந்த ஓட்டோக்காரரோடு மாதத்துக்கு ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். விளையாட்டு நாற்காலியை மைதானத்திலேயே பூட்டி வைக்க இடம் கேளுங்கள், சில்லுகள் சரிந்திருக்கும் அந்த நாற்காலி ஓட்டோவுக்குள் போகாது. ஞாயிறு காலை நேரமாகப் பாருங்கள், வீதியும் காலி, வீட்டில் கூட வர ஆளும் இருக்கும்.

"இந்த டி46, எஃப்44 எல்லாம் என்ன? வெள்ளி எடுத்தவர் எப்படி உலக சாதனை?"

டி (T) என்றால் ஓட்டமும் பாய்ச்சலும், எஃப் (F) என்றால் எறிதல். எண்ணின் முதல் இலக்கம் குறைபாட்டின் வகை. 11 முதல் 13 பார்வை, 20 அறிவுசார், 30 தொடக்கம் பெருமூளை வாதம் போன்றவை, 40 தொடக்கம் குள்ளமான உடல்வாகும் கை கால் பாதிப்பும், 50 தொடக்கம் சக்கர நாற்காலி, 60 தொடக்கம் செயற்கைக் காலோடு போட்டியிடுபவர்கள். அநேகமாக ஒவ்வொரு வரிசையிலும் இலக்கம் குறையக் குறைய பாதிப்பு அதிகம். டி11 ஓட்டக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு, வழிகாட்டியின் கையோடு ஒரு கயிற்றால் இணைந்து ஓடுவார்.

எல்லாப் பிரிவுக்கும் தனித் தனிப் போட்டி வைக்க ஆட்கள் போதாது. அதனால் கிட்டத்தட்ட ஒத்த பிரிவுகளைச் சேர்த்து விடுவார்கள். துலான் எஃப்44, அதாவது முழங்காலுக்குக் கீழே பாதிப்பு உண்டு, ஆனால் செயற்கைக் கால் இல்லாமல் எறிபவர். பாரிஸில் அவர் எஃப்64 ஆட்களோடு சேர்ந்து எறிந்தார். 67.03 மீற்றர் அந்தப் போட்டியில் இரண்டாம் இடம், எஃப்44 பிரிவில் மட்டும் பார்த்தால் உலகிலேயே முதலிடம். ஆகவே வெள்ளியும் சரி, சாதனையும் சரி.

"மகனுக்குக் கொஞ்சம் பார்வை இருக்கு. இல்லை எண்டு சொன்னா நல்ல பிரிவு கிடைக்கும் எண்டு ஒருவர் சொல்றார்..."

அந்த ஒருவரிடமிருந்து தள்ளியிருங்கள். 2000 சிட்னியில் அறிவுசார் குறைபாடுள்ளோர் கூடைப்பந்தில் தங்கம் எடுத்த ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்று பிறகு தெரியவந்தது. பதக்கம் பறிபோனது மட்டுமில்லை, அறிவுசார் பிரிவையே பராலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2012 லண்டனில்தான் திரும்ப வந்தது. உண்மையான குறைபாட்டோடு உழைத்த எத்தனையோ பேர் தங்கள் நல்ல வயதைப் பார்த்துக்கொண்டே கழித்தார்கள்.

"விளையாடினா உதவிப்பணத்தை நிப்பாட்டிடுவாங்களா? வேலை ஏதும் கிடைக்குமா?"

உதவிப்பணம் குறைபாட்டையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத் தருவது. மாலையில் பந்து உருட்டுவதால் இரண்டும் மாறாது. சம்பளமோ பெரிய பரிசுத் தொகையோ வந்தால் மட்டும் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

வேலைக்கு விளையாட்டு உத்தரவாதம் இல்லை. அரச துறையில் 3 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988லேயே சுற்றறிக்கை வந்தது, அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். ஆனால் மைதானத்தில் வேறொன்று நடக்கிறது. நாற்காலியில் பல வருடம் இருந்தவர் புதிதாக வந்தவருக்கு, கட்டிலிலிருந்து தனியே இறங்குவது எப்படி, எந்தக் கடையில் சிறுநீர்க் குழாய் மலிவு, எந்தக் கம்பனியில் கட்டடத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது, கையால் ஓட்டும் மோட்டார் சைக்கிளை யார் மாற்றிச் செய்து தருகிறார் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார். என் தம்பிக்கு இப்போதைய வேலை அப்படிக் கேள்விப்பட்டதுதான். வீட்டில் நாங்கள் எவ்வளவு அன்பாகப் பார்த்தாலும் இந்தத் தகவல் எங்களிடம் இல்லை. விளையாட்டு ஒருவரின் வாழ்க்கையை எங்கே மாற்றுகிறது என்று கேட்டால், நான் பதக்க மேடையைக் காட்ட மாட்டேன், பயிற்சி முடிந்து பிளேன்டீ குடிக்கிற அந்த அரை மணித்தியாலத்தைத்தான் காட்டுவேன்.

"எவ்வளவு சொல்லியும் மகன் வர மாட்டன் எண்டுறான்"

விடுங்கள். விபத்து நடந்து கொஞ்ச காலம்தான் என்றால், மற்றவர்களைச் சக்கர நாற்காலியில் பார்ப்பதே அவனுக்கு "நானும் இனி இப்படித்தான்" என்று சொல்வதுபோல் இருக்கும். வெட்கமும் கோபமும் இருக்கும். பக்கத்து வீட்டுத் தங்கம் எடுத்தவரின் கதையைச் சொல்லி எரிச்சலைக் கூட்டாதீர்கள். விளையாடுகிற ஒருவர் வீட்டுக்கு வந்து, விளையாட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல், கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போகட்டும். அதோடு, எல்லோருக்கும் விளையாட்டுப் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. பாட்டோ கணினியோ அவனை வெளியே கொண்டுவந்தால் அதுவும் சரிதான்.

"பேஸ்புக்ல வீடியோ போட்டன், எல்லாரும் அழுது அழுது லைக் போடுறாங்க. நல்லதுதானே?"

பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போட்டீர்களா? சோக இசையோடு, விழுந்து எழும்புகிற காட்சியை மட்டும் வெட்டிப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பார்க்கிறவர் கண்ணைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார், அவருடைய கடை வாசலில் சாய்தளம் வராது. எத்தனை மீற்றர் எறிந்தான், போன மாதத்தைவிட எவ்வளவு கூட, அடுத்த போட்டி எப்போது என்று எழுதுங்கள். தோற்றால் தோற்றான் என்றும் எழுதுங்கள், அவனும் விளையாட்டுக்காரன்தானே.

"காசு கட்டிச் சேரப் போன இடத்திலேயே 'எங்களுக்குப் பொறுப்பெடுக்க ஏலாது' எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன செய்றது?"

எங்களுக்கும் நடந்திருக்கிறது, ஓர் உடற்பயிற்சி நிலையத்தில். காப்புறுதி என்றார்கள், மற்ற வாடிக்கையாளர் என்றார்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: மற்றப் பொதுமக்கள் போகக்கூடிய கட்டடத்துக்கோ இடத்துக்கோ, கட்டணம் உண்டோ இல்லையோ, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கக்கூடாது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்குக்குப் போகிற வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்பது வேறு கதை.

அதனால் முதலில் சண்டை பிடிக்காமல், மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதி இடங்களில் இந்த ஒரு வேண்டுகோளோடு பேச்சு மாறும், முகாமையாளர் வெளியே வருவார். தர மறுத்தால் திகதி, நேரம், பேசியவரின் பதவி, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றே குறித்து, அந்த இடத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம், பிரதிகளைப் பிரதேச செயலகத்துக்கும் சமூக சேவைத் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். அரச இடம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கடிதம் தமிழில் இருந்தால் போதும். பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.